எந்த வாசல் வழியாக

மத்திகிரி
12.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

லிபியா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முட்டிவலி மாடிப்படியைப் பார்த்தால் வருகிறது, சோற்றுத் தட்டைப் பார்த்தால் போய்விடுகிறது. நீயும் மடத்துச் சகோதரிகளும் சுகம்தானே? போனில் கூப்பிட முடியாத அக்கா என்பதால் ஒரு மாதச் சமாச்சாரத்தைச் சேர்த்து வைத்து எழுதுகிறேன்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மூக்கண்டப்பள்ளி கம்பெனி எங்கள் லைனைப் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு வீட்டில்தானே இருந்தேன். இப்போது பாகலூர் சாலைப் பக்கம் ஒரு கல்லூரியில் மேடை மேலாண்மை டிப்ளமோ ஆரம்பித்திருக்கிறார்கள். நாடகம், ரிசப்ஷன், கம்பெனி ஆண்டு விழா எதுவானாலும் திரைக்குப் பின்னால் நின்று நடத்துகிற ஆட்களுக்கான படிப்பு. மேடை வேலையைச் சொல்லித் தருவது பூபதி சார். நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகப் போனவர். அந்த வேலைக்கெல்லாம் கம்ப்யூட்டரில் திட்டம் போடுகிற சாப்ட்வேரைச் சொல்லித் தருவது நான். உனக்கு மேடையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதே. எந்த மெஷின் எந்த ஷிப்டில் ஓட வேண்டும் என்று வருடக்கணக்கில் திட்டம் போட்டவள்தானே, இங்கே மெஷினுக்குப் பதில் மனுஷன் என்று முதல்வர் சுகுணா மேடம் சொன்னார். நானும் நம்பிச் சேர்ந்துவிட்டேன்.

இல்லாத நாடகத்துக்குத் திட்டம் போடச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். பயிற்சிக்கு நிஜமான விழா ஒன்று வேண்டும். நம் வீட்டிலேயே இருக்கிறதே என்று தோன்றியது. வருகிற மே 24, ஆயுளுக்கும் மடத்திலேயே இருப்பதாக நீ கொடுக்கப்போகும் இறுதி வார்த்தைப்பாடு. அதையே பாடமாக எடுத்துக்கொள்ளட்டுமா?

சரி என்றால் இந்த ஐந்துக்கும் பதில் வேண்டும். மடத்துக் கோவிலில் எத்தனை பேர் உட்காரலாம்? பாடகர்கள் எங்கே நிற்பார்கள்? பஸ் எதுவரை வரும்? சாப்பாடு எங்கே? கடைசியாக, நீ எத்தனை மணிக்கு, எந்த வாசல் வழியாகக் கோவிலுக்குள் வருவாய்?

உன் அன்புத் தங்கை,
லிபியா

பி.கு. கடிதங்களை மதர் படித்த பிறகுதான் உனக்குத் தருவார் என்பதால், படிக்கும் மதருக்கும் என் தோத்திரம்.

*

மலை மடம்
8.10.2024

பிரியமுள்ள லிபி,

ஆண்டவர் அருளால் இங்கே யாவரும் நலம். அப்பாவை மாடி ஏறவிடாதே. உனக்கு வேலை கிடைத்ததற்காக இங்கே பூசையில் வேண்டிக்கொண்டோம். மதர் உன் பின்குறிப்பைப் படித்துச் சிரித்தார். பிள்ளைகளுக்குப் பாடமாகுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

கோவிலில் எழுபது பேர் நெருக்கி உட்காரலாம். பாடகர்கள் இடப்பக்கம் நிற்பார்கள். பஸ் வெளிவாசல் வரை வரும். அதற்கு மேல் ஏற்றம், திருப்ப இடம் இல்லை. சாப்பாட்டுக்கு விருந்தினர் கூடம் இருக்கிறது, மழை வந்தாலும் கவலையில்லை. சடங்கு எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். மன்றாட்டு மாலை பாடும்போது சகோதரி பீடத்தின் முன் தரையில் குப்புறப் படுத்திருப்பார். பிறகு எழுந்து வார்த்தைப்பாட்டை வாசிப்பார். வெள்ளை முக்காட்டை எடுத்துவிட்டுக் கருப்பு முக்காடு போடுவார்கள்.

ஐந்தாவது கேள்விக்கு விசாரித்து எழுதுகிறேன். இந்த வருடம் பூசணி நன்றாகக் காய்த்தது.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
அற்புதம்

*

மத்திகிரி
27.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உனக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்கிறதா? அப்பா ஸ்வெட்டர் அனுப்பச் சொல்கிறார். மடத்தில் கொடுப்பார்கள் என்றாலும் கேட்பதில்லை.

உன் பதில்களை வகுப்பில் வாசித்தேன். அதற்குப் பிறகு ஒருவரும் கொட்டாவி விடவில்லை. கல்யாண மண்டபங்களில் மைக் கட்டப் போகிற சுரேந்தர் எழுந்து, "மேடம், படுத்துக்கிட்டு இருக்கறப்ப காலர் மைக் நசுங்கிடுங்க. எந்திரிச்சப்புறம் யாரு போய் மாட்டறது?" என்று கேட்டான். கேள்வி சரியானதுதான். அதற்கு ஒரு வேலை, ஒரு ஆள், ஒரு நேரம் போட்டாயிற்று. கருப்பு முக்காட்டை ஒருவன் மேடைப் பொருளில் சேர்த்தான், இன்னொருவன் உடையில் சேர்த்தான். அரை மணி நேரம் சண்டை. பூபதி சார் வந்து, கையில் எடுத்து வருகிறவரை பொருள், தலையில் போட்ட பிறகு உடை என்று தீர்த்து வைத்தார்.

அவர் சொன்ன இன்னொன்றைச் சாப்ட்வேரில் முதல் விதியாகவே வைத்திருக்கிறேன். இன்ன நேரத்துக்கு வர வேண்டும் என்று ஒவ்வொருவர் போனுக்கும் அழைப்பு போகும். அவர் 'வருகிறேன்' என்று அழுத்தினால் பெயர் பச்சையாகும். அதுவரை மஞ்சள். அடுத்தவருக்காக யாரும் அழுத்தக் கூடாது. "ஆளு தன் வாயால சொல்ற வரைக்கும் ஆளு வர்லன்னே வெச்சுக்கங்க" என்பது சார் வாக்கு. எனக்கு இது புதிது. கம்பெனியில் லேத் மெஷினிடம் வருகிறாயா என்று நான் கேட்டதே இல்லை.

தரைவிரிப்பு மடத்தில் இருக்கிறதா, நாங்கள் கொண்டுவர வேண்டுமா? ஐந்தாவது கேள்வியை மறக்காதே. அது இல்லாமல் மற்ற எந்த நேரமும் நிற்காது.

அன்புடன்,
லிபியா
மதருக்குத் தோத்திரம்.

*

மலை மடம்
27.11.2024

பிரியமுள்ள லிபி,

நலம். ஸ்வெட்டர் வேண்டாம், அப்பாவையே போட்டுக்கொள்ளச் சொல். ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது. அதிலும் தவக்காலத்திலும் நாங்கள் கடிதம் எழுதுவதுமில்லை, வருவதைப் பிரிப்பதுமில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் முன்கூட்டியே கிறிஸ்துமஸ் வாழ்த்து.

தரைவிரிப்பு இருக்கிறது. சிவப்பு, கொஞ்சம் பழையது. சுரேந்தரிடம் சொல், மைக்கே வேண்டாம். சின்னக் கோவில், சகோதரி மெதுவாக வாசித்தாலும் கடைசி வரிசை வரை கேட்கும். எனக்கு இப்போது அப்பம் சுடும் அறையில் வேலை. பங்குக் கோவில்களுக்கு நற்கருணை அப்பம் இங்கிருந்துதான் போகிறது. சூடு அதிகமானால் ஓரம் சிவந்துவிடும். அப்படிச் சிவந்ததை எல்லாம் நாங்கள் காபியோடு தின்றுவிடுகிறோம்.

அப்பா விழாவைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்? சும்மாதான் கேட்கிறேன்.

அற்புதம்

*

மத்திகிரி
4.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். சளி இருமல் எதுவும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்குத்தான் தொண்டை கட்டியிருக்கிறது. வகுப்பில் சைகையில் பாடம் நடத்துகிறேன், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

எத்தனை பேர் என்று கேட்டாய். எண்ணிச் சொல்வதற்கு இல்லை. அன்பிய ஜெபக் கூட்டத்தில் சொன்னார், மாட்டுப்பண்ணைக் கேட்டில் சொன்னார், டவுன் பஸ் கண்டக்டரிடமும் சொன்னார். ஐம்பது சீட் பஸ் பேசிவிட்டார். ஜன்னல் சீட் யாருக்கு என்பதில் இப்போதே இரண்டு பேருக்கு மனஸ்தாபம். அம்மா போன பிறகு அப்பா இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

வகுப்பில் இப்போது எதற்குப் பின் எது என்று இணைக்கும் பாடம். பூசையை அரை மணி தள்ளிவைத்தால் சாப்பாடும் தானாகத் தள்ளிப்போக வேண்டும். இணைக்க மறந்தால் மன்றாட்டு மாலை நடக்கும்போதே கூடத்தில் இலை போட்டிருப்பார்கள். எல்லோரும் காலையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். காவேரி என்று ஒரு பெண் மட்டும் தலைகீழாகப் போடுகிறாள். அஞ்செட்டியைத் தாண்டி உள்ளே இருக்கிறது அவள் ஊர். "எங்கூர்ல கடைசி பஸ்ஸ விட்டா அவ்ளோதானுங்க மேடம். அதனால மொதல்ல கடைசி பஸ்ஸ எழுதிக்குவேன். அங்கிருந்து பின்னால வருவேன்" என்கிறாள். அவள் திட்டம்தான் எல்லாவற்றிலும் உருப்படியானது. முடித்ததும் பாதிப் பேர் கன்னடத்தில் "ஆயித்து மேடம்" என்கிறார்கள். நானும் ஆயித்து என்று சொல்லப் பழகிவிட்டேன்.

திட்டம் கிட்டத்தட்ட முழுதும் பச்சை. பஸ், சமையல், பாடகர், எல்லோரும் அழுத்திவிட்டார்கள். உனக்கு போன் இல்லையே, உன் பெயரை நானே பச்சையாக்கிவிட்டேன். ஐந்தாவது கேள்விக்குக் குத்துமதிப்பாகக் காலை பத்து மணி, உள்வாசல் என்று போட்டிருக்கிறேன். தப்பென்றால் எழுது.

அன்புடன்,
லிபியா
மதருக்குப் புத்தாண்டுத் தோத்திரம்.

*

மலை மடம்
27.2.2025

பிரியமுள்ள லிபி,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, கவலைப்படாதே. உன் தொண்டை சரியாகியிருக்கும். மிளகுப்பால் குடி.

பஸ் பேசியதைப் படித்தேன். ஜன்னல் சீட் சண்டையையும் படித்தேன். அப்பா பேசுகிறார் என்றாயே, அந்த வரியைத்தான் பல தடவை படித்தேன்.

காவேரிக்கு என் ஆசீர். அவள் சொல்வது சரிதான். கடைசியை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் தேதி சாம்பல் புதன். ஈஸ்டர் வரை கடிதம் இல்லை. ஐந்தாவது கேள்வி பாக்கி இருக்கிறது என்று தெரியும்.

அற்புதம்

*

மத்திகிரி
9.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் ஈஸ்டர் வரை மதர் மேசையில் கிடக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று இந்த முறை சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒன்று நடந்தது. பெரிய திரையில் திட்டத்தைப் போட்டு, மேலிருந்து கீழே எல்லாம் பச்சை, ஆயித்து என்றேன். காவேரி எழுந்தாள்.

"மேடம், உங்க அக்கா பேரு எப்பிடிங்க பச்சையாச்சு?"

"அவங்ககிட்ட போன் இல்ல. நான் போட்டேன்."

"அடுத்தவங்களுக்காக அழுத்தக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. லெட்டர்லயாச்சும் வர்றேன்னு எழுதியிருக்காங்களா?"

எழுதியிருக்கிறாள் என்று வாய்வரை வந்துவிட்டது. பையில்தான் உன் கடிதங்கள் இருந்தன. அங்கேயே எடுத்துப் பார்த்தேன். பஸ் எங்கே திரும்பும், விரிப்பு என்ன நிறம், எல்லாம் இருக்கிறது. பூசணிகூட இருக்கிறது. சகோதரி படுப்பார், சகோதரி எழுவார், சகோதரி வாசிப்பார் என்று இருக்கிறது. அந்தச் சடங்கில் நான் என்று ஒரு இடத்திலும் இல்லை, அக்கா.

"அப்ப மஞ்சளுதானுங்க மேடம்" என்றாள் காவேரி. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பாடத்தைச் சொன்னாள். நான் திரும்ப மஞ்சளாக்கினேன். மேல்வரிசைப் பெயர் மஞ்சளானதும் அதோடு இணைத்திருந்த எல்லாமே வரிசையாக மஞ்சளாகிக்கொண்டு வந்தன. பஸ்ஸும் சாப்பாடும் அதில் உண்டு.

கம்பெனிப் பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் உன்னை நான் லேத்தாக நினைத்துவிட்டேன் என்பதில் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இனி எதையும் போடமாட்டேன்.

லிபியா

*

மத்திகிரி
6.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

அப்பாவிடம் மஞ்சளைப் பற்றிச் சொல்லவில்லை. நேற்று விழாவுக்கென்று வேட்டி சட்டை எடுத்துக்கொண்டு வந்து, கண்ணாடி முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றேன்.

என் பயத்தை வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். நீ மடத்தில் இருந்தாலும் எனக்குச் சந்தோஷம், வந்தாலும் சந்தோஷம். பஸ் பேசியாகிவிட்டதே, வேட்டி எடுத்தாகிவிட்டதே என்பதற்காக நீ அந்தச் சிவப்பு விரிப்பில் போய்ப் படுத்துவிடுவாயோ என்றுதான் பயம். ஒவ்வொரு கடிதத்திலும் எத்தனை வேலை முடிந்தது என்று எழுதி, உன் கையைக் கட்டியது நான்தான். அதை அவிழ்ப்பதும் என் வேலைதான். திட்டத்தை அழிக்க ஒரு பொத்தான் போதும், அக்கா. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று கேட்காதே. இன்னும் யோசிக்கவில்லை.

லிபியா

*

மலை மடம்
24.4.2025

பிரியமுள்ள லிபி,

ஈஸ்டர் வாழ்த்துகள். ஆண்டவர் உயிர்த்த சந்தோஷம் நம் வீட்டிலும் இருக்கட்டும். ஈஸ்டர் முடிந்த திங்களன்று மதர் உன் இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, "உன் தங்கச்சி நல்லா பாடம் நடத்துது" என்றார்.

நான் வார்த்தைப்பாடு கொடுக்கப்போவதில்லை.

உன் கடிதங்களைப் படித்து எடுத்த முடிவு இல்லை இது. தவக்காலத்தின் நடுவிலேயே மதரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "நீ எப்போ சொல்வேன்னு காத்துட்டிருந்தேம்மா" என்றார். வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் எனக்கு வழி தெரியாமல் இருந்தது. பேனாவை எடுப்பேன், அப்பா பேசுகிறார் என்று நீ எழுதியது நினைவு வரும், விரிப்பின் நிறத்தை எழுதி வைப்பேன். பொய் எழுதவில்லை. உண்மையையும் எழுதவில்லை. என்னை மன்னித்துவிடு.

இங்கே யாரும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஜெபம் பிடித்திருக்கிறது, அப்பம் சுடுவது பிடித்திருக்கிறது. சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து பாடும்போது இதைவிட என்ன வேண்டும் என்றுகூடத் தோன்றும். வார்த்தைப்பாட்டைத் தனியாக வாசித்துப் பழகும்போது, ஆயுளுக்கும் என்ற இடம் வந்தால் மட்டும் குரல் வராது. ஒரு வருடமாக வரவில்லை. வரும் வரும் என்று இருந்தேன்.

24ஆம் தேதியோடு என் தற்காலிக வார்த்தைப்பாடு முடிகிறது. மறுநாள் ஞாயிறு நான் வெளியே வரலாம். வந்து என்ன செய்வேன் என்று முழுதாகத் தெரியாது. லேப் டெக்னீஷியன் படித்தது மறந்திருக்கும், திரும்பப் படிக்கலாம்.

இப்போது உன் ஐந்தாவது கேள்விக்குப் பதில். காலை பத்து மணி. வெளிவாசல்.

உடுப்பும் செருப்பும் மடத்துடையவை. ஒரு சேலையும் செருப்பும் கொண்டு வா. பஸ் வேண்டாம். அப்பா வர வேண்டும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீ மட்டும் வந்தாலும் போதும்.

அற்புதம்

*

மத்திகிரி
12.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படி.

உன் கடிதம் வந்த அன்று அவர் குழாய்க்கு வாசர் மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "அங்க யாராச்சும் எதுனா சொன்னாங்களா அவள?" என்று மட்டும் கேட்டார். இல்லையப்பா, அவளுக்கே வேண்டாம் என்றிருக்கிறது என்றேன். குழாயை மாட்டி, தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். இருட்டிய பிறகுதான் வந்தார். மாட்டுப்பண்ணை வேலி ஓரமாக நடந்துகொண்டே இருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

வகுப்பில் நான் எதையும் மறைக்கவில்லை. பரீட்சை மார்க் என்ன ஆகும் என்று பிள்ளைகள் கவலைப்பட்டார்கள். நடத்துவது எவ்வளவு வேலையோ நிறுத்துவதும் அவ்வளவு வேலை, அதையும் ஒழுங்காகச் செய்தால் மார்க் உண்டு என்று பூபதி சார் சொல்லிவிட்டார். யாருக்கு முதலில் சொல்வது, யாருக்குப் பிறகு என்று ஒரு நாள் முழுக்கப் பாடம். சாப்ட்வேரில் ஒரு அழுத்தில் எல்லோருக்கும் செய்தி போய்விடும். காவேரிதான் தடுத்தாள். "உங்கப்பா சரின்னு சொல்ற வரைக்கும் அமுக்காதீங்க மேடம். நிறுத்துனது பஸ்காரர் சொல்லி அவருக்குத் தெரியற மாதிரி ஆயிரப் போகுது. மத்தவங்க கேட்டா என்ன பதில் சொல்லுவாரு?" காத்திருந்தோம்.

மூன்றாம் நாள் அப்பாவே வந்து, "பஸ்காரன்கிட்ட நான் சொல்லிட்டேன்" என்றார். அன்பியத்திலும் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். என்ன ஆச்சு என்று யாரோ இழுத்துக் கேட்க, "எம் பொண்ணு வூட்டுக்கு வர்றா. அதுல கேக்கறதுக்கு என்னாங்க இருக்குது?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். என்னிடம் சொல்லவில்லை, கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு புதிதாகச் சின்னத் திட்டம் ஒன்று போட்டேன். மே 25, காலை பத்து மணி, வெளிவாசல். காவேரி மாதிரி, நாம் திரும்பும் கடைசி சர்வீஸ் பஸ்ஸிலிருந்து பின்னோக்கித்தான் போட்டேன். மூன்றே பெயர். என் பெயர் பச்சை. அப்பா போனுக்கு அழைப்பு அனுப்பினேன். ஒரு வாரம் மஞ்சளாகவே இருந்தது. நான் கேட்கவில்லை. அவராகச் சொல்ல வேண்டும் என்பதுதான் பாடம்.

இன்று காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனைத் தூரமாகப் பிடித்தபடி சமையலறைக்கு வந்தார்.

"பெத்த பொண்ணக் கூட்டியாறதுக்கு மெஷினுக்கு எதுக்கு வர்றேன்னு சொல்லணும்?"

"சொல்லணும்பா. அதான் வழக்கம்."

"எங்க அமுக்கறது?"

காட்டினேன். அழுத்தினார். சரியாக விழவில்லையோ என்று இன்னொரு தடவையும் அழுத்தினார். அப்புறம் அந்தப் புது வேட்டி சட்டையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுக்கப் போய்விட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன், அக்கா. இட்லி பரவாயில்லை, வெந்துவிட்டது.

உன் பெயர் இன்னும் மஞ்சள்தான். நான் தொடமாட்டேன். பஸ்ஸில் ஏறியதும் என் போனைத் தருகிறேன், நீயே அழுத்து.

எங்கள் இருவரின் அன்புடன்,
லிபியா
மதருக்கு என் தோத்திரமும் அப்பாவின் தோத்திரமும்.

பி.கு. உன் செருப்பு அளவு என்ன என்று அப்பா கேட்கிறார். இந்தக் கேள்விக்காவது உடனே பதில் எழுது.